ஏட்டிலிருந்து கட்டிலருகே

‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்பது முதுமொழி. ஏட்டில் வரைந்த சுரைக்காய் எத்துணை அழகுடையதாயினும், அது அடுப்பில் ஏறிக் கலத்தில் இறங்காதவரை எவர் பசியும் தீர்வதில்லை. மருத்துவ வரலாற்றைப் புரட்டிப் பார்ப்போர்க்கு இம்மொழியின் உண்மை நெஞ்சில் தைக்கும். நோய்க்கு மருந்து கண்டறியப்பட்டது. அது பயன் தரும் என்பது சோதனையால் நிறுவப்பட்டது. ஆராய்ச்சி ஏடுகளில் அச்சேறியும் விட்டது. ஆயினும், நோயாளியின் கட்டிலருகே நின்ற மருத்துவருக்கு அச்செய்தி எட்டவில்லை. எட்டாதிருந்த காலத்தில் மடிந்த உயிர்கள் பல.

மருந்தைக் கண்டறிந்த பெருமக்களின் வரலாறு பலராலும் எழுதப்பட்டுள்ளது. கண்டறிந்த உண்மை கட்டிலருகே வந்து சேர்ந்த வரலாறோ அத்துணை பேசப்படுவதில்லை. அதற்கும் தனியே உழைத்தோர் உண்டு. தனியே தோல்விகளும் வெற்றிகளும் உண்டு. அவ்வழியின் சில படிகளைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எலுமிச்சையும் புழுங்கலரிசியும்

1747ஆம் ஆண்டில் ‘சாலிஸ்பரி’ என்னும் பிரிட்டிஷ் போர்க்கப்பலில் ஜேம்ஸ் லிண்ட் என்ற மருத்துவர் பணியாற்றினார். நெடுங்கடற் பயணம் செய்யும் மாலுமிகளைக் கொன்று குவித்து வந்த ஸ்கர்வி நோய் அக்கப்பலையும் விடவில்லை. லிண்ட் நோயுற்ற பன்னிருவரைத் தேர்ந்து, இருவர் இருவராக ஆறு பிரிவாக்கினார். ஒவ்வொரு பிரிவினருக்கும் வெவ்வேறு மருந்தளித்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் உண்ட இருவரே விரைவில் எழுந்து நடமாடினர். 1753ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூலில் தம் சோதனையை மட்டும் கூறி நிறுத்தவில்லை. அந்நோயைப் பற்றி அதற்குமுன் எழுதப்பட்ட நூல்களையெல்லாம் திரட்டி, அவற்றின் நிறைகுறைகளையும் ஆராய்ந்து எழுதினார். இருந்தும் பிரிட்டிஷ் கடற்படை எலுமிச்சைச் சாற்றை மாலுமிகளுக்கு முறையாக வழங்கத் தொடங்கியது 1795ஆம் ஆண்டில்தான். நூல் வெளிவந்து நாற்பத்திரண்டு ஆண்டுகள் கழிந்துவிட்டன. அதற்கு முந்திய ஆண்டிலேயே லிண்ட் மறைந்துவிட்டார்.

இத்தகைய கதை மலாயா மண்ணிலும் நிகழ்ந்தது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில், ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர்களைப் பெரிபெரி நோய் வாட்டியது. கால்கள் மரத்து, உடல் வீங்கி, இதயம் தளர்ந்து மாண்டனர். அதே நாட்டில் தோட்டங்களில் உழைத்த தமிழ்த் தொழிலாளர்களிடையே அந்நோய் மிக அரிது. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய பிராடன் என்னும் மருத்துவர் இவ்வேறுபாட்டைக் கூர்ந்து நோக்கினார். சீனர் உண்டது தீட்டிய பச்சரிசி. தமிழர் உண்டது புழுங்கலரிசி. இக்கருத்தைச் சோதித்தறிய முற்பட்டார் வில்லியம் ஃபிளெட்சர். 1905ஆம் ஆண்டின் இறுதியில், கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் இருந்தோரை வரிசையில் நிறுத்தி, ஒற்றைப்படை எண்ணினர், இரட்டைப்படை எண்ணினர் என இரண்டாகப் பிரித்தார். ஒரு சாராருக்குத் தீட்டிய அரிசியும் மறு சாராருக்குப் புழுங்கலரிசியும் வழங்கினார். தீட்டிய அரிசி உண்டோரில் 18 பேர் பெரிபெரியால் மாண்டனர். புழுங்கலரிசி உண்டோரில் அந்நோயால் ஒருவரும் மாளவில்லை. இம்முடிவு 1907ஆம் ஆண்டில் இலண்டனின் ‘லான்செட்’ ஏட்டில் வெளிவந்தது. பின்னர் பிரேசர், ஸ்டாண்டன் என்போரின் ஆய்வுகளும் அதனை உறுதி செய்தன. 1910ஆம் ஆண்டில் மணிலாவில் கூடிய மருத்துவ மாநாடும் தீட்டிய அரிசிக்கும் பெரிபெரிக்கும் உள்ள தொடர்பை ஏற்றுத் தீர்மானம் இயற்றியது. அதன் பின்னரும் பல பத்தாண்டுகள் ஆசிய நாடுகள் பலவற்றில் பெரிபெரி உயிர் குடித்தவாறே இருந்தது.

உண்மை காணப்பட்டால் போதாது. அஃது உரியவரிடம் சென்று சேர வேண்டும். இவ்விரு நிகழ்ச்சிகளும் உணர்த்தும் பாடம் இதுவே.

ஏடுகள் பெருகின

1948ஆம் ஆண்டில் பிரிட்டன், காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தைச் சோதித்து முடிவை வெளியிட்டது. எந்த நோயாளிக்கு மருந்து, எவருக்கு வழக்கமான சிகிச்சை என்பதை மருத்துவரின் விருப்பத்துக்கு விடாமல், குலுக்கல் போன்ற முறையால் முடிவு செய்தனர். பிராட்ஃபோர்டு ஹில் என்னும் புள்ளியியல் அறிஞர் வகுத்த முறை அது. அதனைத் தொடர்ந்து இத்தகைய குலுக்கல்முறைச் சோதனைகள் உலகெங்கும் பெருகின. அவற்றை வெளியிடும் ஏடுகளும் பெருகின.

பெருகியதே இடராயிற்று. ஒரே மருந்தைப் பற்றிப் பத்து ஊர்களில் பத்துச் சோதனைகள் நடந்தன. ஒன்று பயனுண்டு என்றது. ஒன்று பயனில்லை என்றது. வேறொன்று உறுதியாகக் கூற இயலாது என்றது. ஒவ்வொன்றும் சிறியதாகையால், தனித்து நின்று எதையும் மெய்ப்பிக்க இயலவில்லை. பகலெல்லாம் நோயாளிகளைப் பார்த்து, இரவில் களைத்து வீடு திரும்பும் மருத்துவர், இவையனைத்தையும் தேடிப் படித்துச் சீர்தூக்கிப் பார்ப்பது நடக்கக்கூடியதா?

இக்கேள்வியை உலகின் முன் உரக்க எழுப்பியவர் ஆர்ச்சி காக்ரன் ஆவார். 1909ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தில் பிறந்த இவர், இரண்டாம் உலகப்போரில் கிரீட் தீவில் சிறைப்பட்டு, சலோனிக்கா போர்க்கைதி முகாமில் கைதிகளின் மருத்துவராகப் பணியாற்றினார். கையில் மருந்தில்லை, இருந்த சில மருந்துகளும் பயன் தருமா என்று அறிய வழியில்லை. அந்தக் கையறுநிலை அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. 1972ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூல், பயன் மெய்ப்பிக்கப்பட்ட சிகிச்சைகளுக்கே பொதுப்பணம் செலவிடப்பட வேண்டும் என்று வாதிட்டது. 1979ஆம் ஆண்டில் அவர் மேலும் ஒரு படி சென்றார். குலுக்கல்முறைச் சோதனைகள் அனைத்தையும் துறைவாரியாகத் திரட்டி, ஆராய்ந்து, காலந்தோறும் புதுப்பித்துத் தருகின்ற ஏற்பாட்டை மருத்துவத் தொழில் இன்னும் செய்யவில்லை. அஃது இத்தொழிலுக்குப் பெருங்குறை என்று இடித்துரைத்தார். மருத்துவத் துறைகளுள் மகப்பேற்றுத் துறைக்கே கடைசி இடம் என்று கூறி, அதற்கு ‘மரக்கரண்டி’ப் பரிசையும் அளித்தார். மரக்கரண்டி என்பது கேம்பிரிட்ஜில் கடைசியாகத் தேறிய மாணவருக்கு வழங்கப்பட்டு வந்த கேலிப் பரிசு.

குறைமாதக் குழந்தைகள்

அவர் அவ்வாறு சினந்ததற்குப் பொருளில்லாமல் இல்லை. அதே மகப்பேற்றுத் துறையில் அக்காலத்தே ஒரு பெருந்துயர் அமைதியாக நிகழ்ந்துகொண்டிருந்தது.

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் கிரஹாம் லிக்கின்ஸ் என்ற மகப்பேற்று மருத்துவர், பிரசவம் எவ்வாறு தொடங்குகிறது என்பதைச் செம்மறியாடுகளைக் கொண்டு ஆராய்ந்து வந்தார். கார்ட்டிக்கோஸ்டிராய்டு வகை மருந்து ஏற்றப்பட்ட ஆட்டுக்குட்டி ஒன்று, உரிய காலத்துக்கு மிக முன்னரே பிறந்தும் மூச்சுவிட்டவாறு கிடந்தது. அத்துணை இளங்குட்டியின் நுரையீரல் விரிந்திருக்கக் கூடாதே! மருந்துதான் நுரையீரலை முதிரச் செய்திருக்க வேண்டும் என்று லிக்கின்ஸ் உய்த்துணர்ந்தார். ராஸ் ஹோவி என்னும் குழந்தை மருத்துவருடன் இணைந்து, குறைப்பிரசவம் நேரவிருந்த 282 தாய்மாரிடம் இதனைச் சோதித்தார். 1972ஆம் ஆண்டில் முடிவு வெளிவந்தது. மருந்து பெறாத பிரிவில் பிறந்த சில நாள்களிலேயே இறந்த குழந்தைகள் நூற்றுக்குப் பதினைந்து. மருந்து பெற்ற பிரிவிலோ நூற்றுக்கு மூன்றே. தாய்க்கு இடும் ஊசி இரண்டு. விலையோ மிகக் குறைவு.

உலகெங்கும் மகப்பேற்று மருத்துவர்கள் மறுநாளே இம்மருந்தைக் கையில் எடுத்திருப்பர் என்று எண்ணத் தோன்றும். அவ்வாறு நடக்கவில்லை. பிற நாடுகளிலும் சோதனைகள் நடைபெற்றன. அவற்றுட் பல சிறியவை. தனித்தனியே நோக்கின் தெளிவற்றவை. ஐயுற்ற மருத்துவர்கள் ஐயத்திலேயே நின்றனர். இவ்வாறே இருபது ஆண்டுகள் ஓடின. 1994ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் தேசியச் சுகாதார நிலையங்கள் கூட்டிய அறிஞர் மாநாடு இம்மருந்தைப் பரிந்துரைத்தபோது, அந்நாட்டில் மிகக் குறைந்த எடையுடன் பிறந்த குழந்தைகளின் தாய்மாருள் ஐந்தில் ஒரு பங்கினர்கூட அதனைப் பெறவில்லை என்பது தெரிந்தது.

திரட்டியோர்

இவ்விடைவெளியை நிரப்ப முன்வந்தோருள் தலையாயவர் இயன் சால்மர்ஸ் ஆவார். 1969, 1970ஆம் ஆண்டுகளில் இவர் காசாவில் பாலஸ்தீன அகதிகள் முகாமில் இளம் மருத்துவராகப் பணியாற்றினார். தட்டம்மை கிருமிநச்சால் வருவது. அதற்கு நுண்ணுயிர்க்கொல்லி மருந்து பயன்படாது என்பது கல்லூரியில் அவர் கற்ற பாடம். கற்றவாறே அக்குழந்தைகளுக்கு அம்மருந்தைத் தராதிருந்தார். தட்டம்மையைத் தொடரும் நிமோனியா போன்ற துணைநோய்களை முன்கூட்டியே அம்மருந்தால் தடுக்கலாம் என்பதைக் காட்டும் சோதனைகள் அவர் காசா செல்லும் முன்னரே நடந்து முடிந்திருந்தன என்பதைப் பின்னாளில் அறிந்தார். தம் பராமரிப்பில் இருந்த குழந்தைகளை எண்ணி அவர் பின்னர் வெளிப்படையாகவே வருந்தி எழுதினார். அறியாமை அவருடையது மட்டுமன்று. அறிந்ததை ஓரிடத்தில் திரட்டி வைக்காத உலகின் குற்றம் அது.

1978ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டு நகரில் தொடங்கப்பெற்ற பேறுகால நோயாய்வு நிலையத்துக்கு அவர் இயக்குநரானார். காக்ரனின் இடித்துரையை அறைகூவலாக ஏற்று, மகப்பேறு தொடர்பான சோதனைகளையெல்லாம் திரட்டத் தலைப்பட்டார். அச்சேறியவற்றைத் தேடியதோடு நில்லாமல், அச்சேறாதவற்றையும் கேட்டு உலகெங்கும் மருத்துவர்களுக்கு மடல் விடுத்தார். ஆயிரக்கணக்கான சோதனைகள் சேர்ந்தன. 1988ஆம் ஆண்டில் அத்திரட்டு கணிப்பொறியின் நெகிழ்வட்டுகளில் வெளியாயிற்று. ஆறு மாதங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் பட்டது. 1989ஆம் ஆண்டில் சால்மர்ஸ், மர்ரே எங்கின், மார்க் கீர்ஸ் மூவரும் பதிப்பித்த இரு பெருந்தொகுதிகள் வெளிவந்தன. அவற்றைத் தாங்கிச் செல்லவும் வலிமை வேண்டும். ஆகவே, சிறு வழிகாட்டி நூல் ஒன்றும் அவர்களால் உடன் ஆக்கப்பட்டது. பெருநூலைக் கற்பதற்கு நேரமில்லாதோரின் கைக்குச் சிறுநூல் சென்று சேர வேண்டும் என்ற எண்ணம் அன்றே முளைவிட்டிருந்தது. அப்பெருநூலுக்கு அணிந்துரை எழுதிய காக்ரன், தாம் அளித்த மரக்கரண்டியைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். நூல் வெளிவருமுன், 1988ஆம் ஆண்டிலேயே, அவர் காலமானார்.

1992ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டில் அவர் பெயரால் ஒரு நிலையம் திறக்கப்பட்டது. மறு ஆண்டில் பல நாட்டினர் ஒன்றுகூடிக் காக்ரன் கூட்டமைப்பை நிறுவினர். அதன் சின்னத்தில் ஏழு கிடைக்கோடுகள் உள்ளன. குறைமாதப் பேற்றில் கார்ட்டிக்கோஸ்டிராய்டு மருந்தைச் சோதித்த ஏழு ஆய்வுகளை அவை குறிக்கின்றன. நடுவே செங்குத்தாக நிற்கும் கோடு ‘வேறுபாடில்லை’ என்பதற்கு அடையாளம். கிடைக்கோடுகளுள் பெரும்பாலானவை அந்நடுக்கோட்டைத் தொடுகின்றன. தனித்தனியே எதனையும் உறுதிப்படுத்தவில்லை. ஆனால், ஏழையும் கூட்டிப் பெற்ற விடையைக் குறிக்கும் வைரவடிவம் நடுக்கோட்டைத் தொடாமல் ஒரு பக்கமாகத் தெளிவாக நிற்கிறது. மருந்து உயிர் காக்கும் என்பதே அதன் பொருள். கண்முன் சிதறிக் கிடந்த உண்மையைக் கூட்டிப் பாராததால் இழந்த குழந்தைகளின் நினைவுச்சின்னமாகவும் அதனைக் கொள்ளலாம்.

பாடநூல்களின் தாமதம்

திரட்டுவதோடு பணி முடிந்துவிடவில்லை. திரட்டியதை மருத்துவர் எங்கே காண்பார்? வழிவழியாக அவர் நம்பியிருந்தது பாடநூல். 1892ஆம் ஆண்டில் வில்லியம் ஆஸ்லர் தனியொருவராக நின்று எழுதிய பெருநூல் பல தலைமுறை மருத்துவர்க்குத் துணை நின்றது. ஆனால், பாடநூல் எழுதி, அச்சிட்டு, விற்பனைக்கு வருமுன் ஆண்டுகள் கழிகின்றன. எழுதுவோர் சான்றுகளை முறையாகத் திரட்டாமல் தம் அனுபவத்தையே நம்பினால் தாமதம் இன்னும் நீள்கிறது.

இதனை எண்ணால் காட்டியவை 1992ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த இரண்டு ஆய்வுகள். மாரடைப்புக்கு ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்னும் இரத்தக்கட்டி கரைக்கும் மருந்தை 1959 முதல் 1988 வரை 33 சோதனைகள் ஆராய்ந்திருந்தன. அவற்றைக் காலமுறைப்படி ஒன்றன்பின் ஒன்றாகக் கூட்டிப் பார்த்தபோது, 1973ஆம் ஆண்டிலேயே எட்டுச் சோதனைகளில் 2,432 நோயாளிகளைக் கொண்டு அம்மருந்தின் பயன் நிறுவப்பட்டிருந்தது தெரிந்தது. அதன்பின் பல்லாயிரவர் சோதனைகளில் சேர்க்கப்பட்டனர். அவருள் ஒரு பாதியினருக்கு அம்மருந்து தரப்படவில்லை. பாடநூல்களோ எண்பதுகளின் பிற்பகுதியில்தான் அதனைப் பரவலாகப் பரிந்துரைக்கத் தொடங்கின. மறுபுறம், பயனுண்டென மெய்ப்பிக்கப்படாத லிடோகைன் மருந்தை மாரடைப்பாளர்க்குத் தடுப்பாக அளிக்குமாறு அதே நூல்கள் நெடுங்காலம் கூறி வந்தன.

கட்டிலருகே

மருத்துவரின் தேவை எத்தகையது என்பதையும் சிலர் ஆராய்ந்தனர். 1985ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகர மருத்துவர் 47 பேரிடம் நடந்த ஆய்வொன்று, மூன்று நோயாளிகளைப் பார்ப்பதற்குள் ஏறத்தாழ இரண்டு ஐயங்கள் அவர்களுக்கு எழுவதைக் கண்டது. நோயாளி அருகிருக்கும்போதே விடை கிட்டியவை பத்தில் மூன்றே; அவையும் பெரும்பாலும் பிற மருத்துவரைக் கேட்டுப் பெற்றவை. நூல்கள் பழையன; தேட நேரமில்லை. ஐயம் எழுந்த இடத்திலேயே அடங்கிப் போயிற்று.

ஆகவே, விடை அலமாரியில் இருந்தால் போதாது, ஐயம் எழும் நொடியில் கைக்கெட்ட வேண்டும் என்ற தெளிவு பிறந்தது. பாஸ்டன் நகரின் சிறுநீரக மருத்துவர் பர்ட்டன் ரோஸ், 1992ஆம் ஆண்டில் ‘அப்டுடேட்’ என்னும் கணிப்பொறிக் கையேட்டை நெகிழ்வட்டுகளில் வெளியிட்டார். முதலில் சிறுநீரகத் துறைக்கென எழுந்த அது, பின்னர் எல்லாத் துறைகளையும் தழுவி வளர்ந்தது. 1995ஆம் ஆண்டில் பிரையன் ஆல்பர் என்பார் ‘டைனமெட்’ கையேட்டைத் தொடங்கினார். 1999ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் மருத்துவ ஏட்டின் பதிப்பகம் ‘கிளினிக்கல் எவிடன்ஸ்’ என்ற தொகுப்பை வெளிக்கொணர்ந்தது.

இக்கையேடுகள் இயங்கும் முறையை ஓரளவு அறிதல் நன்று. ஒரு தொகுப்பாய்வு பல பத்துப் பக்கங்கள் நீளக்கூடும். கையேட்டின் பதிப்பாசிரியர்கள் ஏடுகளை ஓயாது கண்காணித்து, அத்தகைய ஆய்வு வெளிவந்ததும் அதனைப் படித்து, நோயின் பெயருக்குக் கீழே சில வரிகளில் சுருக்கித் தருகின்றனர். எந்த நோயாளிக்கு, எந்த அளவில், எத்துணைப் பயன், என்ன தீங்கு என்பதோடு, சான்று வலியதா மெலியதா என்ற தரமும் குறிக்கப்படுகிறது. ஐயுறுவோர் மூல ஆய்வுக்கே சென்று பார்க்க வழியும் காட்டப்படுகிறது. நெல்லைக் குற்றிப் புடைத்து அரிசியாக்கி, உலை கொதிக்கும் நேரத்தில் நீட்டும் பணிக்கு ஒப்பானது இது.

கைக்கெட்டுவது எத்துணை முதன்மையானது என்பதை ஒரு தள்ளுவண்டி மெய்ப்பித்தது. ஆக்ஸ்போர்டு ஜான் ராட்கிளிஃப் மருத்துவமனையில் டேவிட் சேக்கெட், ஷேரன் ஸ்ட்ராஸ் இருவரும் கணிப்பொறியையும் குறுந்தகடுகளையும் நூல்களையும் ஒரு வண்டியில் ஏற்றி, வார்டு சுற்றின்போது பயன்படுத்தினர். 1998ஆம் ஆண்டில் அதன் பயன் வெளியிடப்பட்டது. ஒரு மாதத்தில் 98 முறை விடை தேடப்பட்டது. வண்டியை எடுத்துவிட்ட பின்னரும் ஐயங்கள் எழாமல் இல்லை. 41 முறை எழுந்தன. ஆனால், தேடிப் பார்த்ததோ ஐந்தே முறை! அதே மருத்துவமனை, அதே மருத்துவர்கள். நூலகம் தொலைவில் இருந்தது, அவ்வளவே. பருத்த அவ்வண்டி நோயாளியின் கட்டில்வரை செல்ல இயலாதது என்பதையும் அவர்கள் ஒப்புக்கொண்டனர். அவ்வண்டி சுமந்தது அனைத்தும் பின்னர் கைத்தொலைபேசிக்குள் அடங்கிவிட்டது.

முடிந்த முடிபன்று

கைக்கெட்டிய விடை என்றும் மாறாத விடையா? மீண்டும் குறைமாதக் குழந்தைகளிடமே திரும்ப வேண்டியுள்ளது. தொடக்கச் சோதனைகள் பெரும்பாலும் வசதி மிக்க மருத்துவமனைகளில் நடந்தவை. வறிய சிற்றூர்களிலும் அதே பயன் கிட்டும் என்று நம்பி, அர்ஜென்டினா, குவாத்தமாலா, இந்தியா, கென்யா, பாகிஸ்தான், சாம்பியா ஆகிய ஆறு நாடுகளில் ஏறத்தாழ ஒரு இலட்சம் கருவுற்ற பெண்களை உள்ளடக்கி ஒரு பேராய்வு நடந்தது. 2015ஆம் ஆண்டில் வந்த முடிவு அனைவரையும் திடுக்கிடச் செய்தது. மருந்தைப் பரவலாக்கிய பகுதிகளில் பச்சிளங்குழந்தை இறப்பு குறையவில்லை, சற்றே கூடியிருந்தது. கரு எத்தனை வாரத்தது என்று துல்லியமாக அறிய இயலாத இடத்தில், குறைமாதம் அல்லாதோர்க்கும் மருந்து சென்று சேர்ந்திருந்தது. எனவே, உலகச் சுகாதார நிறுவனம் மீண்டும் ஓர் ஆய்வு நடத்தியது. வங்காளதேசம், இந்தியா, கென்யா, நைஜீரியா, பாகிஸ்தான் ஆகிய நாடுகளின் மருத்துவமனைகளில் 2,852 தாய்மாரைக் கொண்டு நடந்த அவ்வாய்வின் முடிவு 2020ஆம் ஆண்டில் வெளிவந்தது. கருவின் வயது அறிந்து, தக்க பராமரிப்புள்ள இடத்தில் அளிக்கப்பட்டபோது, பச்சிளங்குழந்தை இறப்பு நூற்றுக்கு 23.5இலிருந்து 19.6ஆகக் குறைந்தது.

மருந்து உயிர் காக்கும் என்பது மெய்யே. எங்கு, எவருக்கு, எந்நிலையில் என்பதும் அம்மெய்யின் பகுதியே. இச்செய்திகளைச் சேர்த்துக்கொள்ளாத கையேடு எத்துணை விரைவாக விடை பகர்ந்தாலும் தவறான விடையையே விரைவாகப் பகரும். காலந்தோறும் புதுப்பிக்கப்பட வேண்டும் என்று காக்ரன் 1979இல் வற்புறுத்தியதன் பொருள் இங்கு விளங்குகிறது.

மற்றொரு தடையும் உண்டு. அது விலை. பெயர்பெற்ற கையேடுகள் பல கட்டணம் செலுத்துவோர்க்கே திறக்கின்றன. செல்வ நாட்டுப் பெருமருத்துவமனைக்கு எளிதாக எட்டுவது, வறிய நாட்டுச் சிற்றூர் மருத்துவருக்கு எட்டாமற் போகிறது. 2007ஆம் ஆண்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் காக்ரன் நூலகத்தை நாட்டு மக்கள் அனைவரும் படிக்க வழிசெய்தது இத்தடையைக் களையும் முயற்சிகளுள் ஒன்றாகும். 2004ஆம் ஆண்டில் தொடங்கிய கூட்டுத் திட்டமொன்றும் இங்குக் கருதத்தக்கது. இந்தோனேசியா, மலேசியா, பிலிப்பைன்ஸ், தாய்லாந்து நாடுகளின் ஒன்பது மருத்துவமனைகளில் மகப்பேற்றுப் பணியாளர்க்குச் சான்றுகளைத் தேடவும், ஆராயவும், கையாளவும் அது பயிற்சி அளித்தது. கருவி கையிலிருந்தும் அதனைப் பயன்படுத்தத் தெரியாவிடில் பயனில்லை என்பதை அத்திட்டத்தினர் உணர்ந்திருந்தனர்.

லிண்டின் எலுமிச்சைக்கு நாற்பத்திரண்டு ஆண்டுகள். லிக்கின்ஸின் ஊசிக்கு இருபத்திரண்டு ஆண்டுகள். இன்று ஓர் ஆய்வின் முடிவு சில நாள்களிலேயே கையேட்டில் ஏறக்கூடும். தொலைவு சுருங்கியுள்ளது, ஆயினும் முற்றிலும் மறைந்துவிடவில்லை. சோதனை செய்வோர், அதனைத் திரட்டுவோர், திரட்டியதைச் சுருக்கித் தருவோர், சுருக்கத்தைப் படித்து நோயாளியின் நிலையறிந்து கையாளும் மருத்துவர் எனப் பலர் கைகோத்த சங்கிலி அது. அதில் ஒரு கண்ணி அறுந்தாலும் இழப்பது எங்கோ ஒரு பேற்று அறையில் மூச்சுக்குத் திணறும் சிறு உயிர்தான். ஏட்டில் உள்ளது கட்டிலருகே வந்து சேரும்போதுதான் கற்ற கல்வி மருந்தாகிறது.